கரண்டி முனையில் போன இரண்டு கிலோ

எங்கள் யூனிட்டில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்த ஆணியில் ஒரு நாள் வெள்ளை போர்டு ஒன்று வந்து தொங்கியது. காலண்டரைக் கழற்றி ஒரு மூலையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். பாக்கெட் மேசையிலிருந்து பெரியக்கா உடனே குரல் கொடுத்தார்:

“ஏனுங்க, இனிமே நமக்குத் தேதியே கெடையாதுங்களா?”

யூனிட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை மேலே, ஒண்டிக்கடை முக்கிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு நீள ஷெட். எஸ்டேட்டுகளிலிருந்து மூட்டையில் வரும் காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, கால் கிலோ பாக்கெட்டுகளில் அடைத்துச் சேலத்துக்கு இறக்குவோம். வறுக்க ஒருவர், அரைக்க ஒருவர், பாக்கெட் போட ஒன்பது பெண்கள். இவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் என்ற பெயரில் நான். ஒன்பது பேரில் மூத்தவர் பெரியக்கா. வயதில் எனக்கும் மூத்தவர் என்பதால் என்னைக் கண்ணு என்பார். கோபம் வந்தால் மட்டும் சூப்பர்வைசரம்மா.

நானும் அதே மேசையில் பல வருஷம் பாக்கெட் போட்டு எழுந்தவள்தான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. மீதியைப் பொட்டலம் மடித்த பேப்பரிலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களின் பேச்சிலும், பிற்பாடு செல்போனிலும் படித்துக்கொண்டேன். யாராவது ஒரு சொலவடை சொன்னால் அதைப் பிடித்துவைத்துக்கொள்வது என் சுபாவம். நல்ல சொலவடை கிடைத்த நாளில் எனக்குச் சாப்பாடு கொஞ்சம் குறைவாகவே போதும்.

போர்டு மாட்டியவர் முதலாளி சேலத்திலிருந்து அனுப்பிய ஒரு சார். கம்பெனி கம்பெனியாகப் போய், அது நன்றாக நடக்கிறதா, நடப்பதுபோல இருக்கிறதா என்று அளந்து சொல்வது அவர் தொழில். ஆள் நல்ல மாதிரி. மலை ஏறி வந்த கிறுகிறுப்பு அடங்கும்வரை எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பேசினார்.

“ஒரு கம்பெனி நல்லா இருக்குன்னு வாயால சொன்னா போதாது மேடம். எண்ணு சொல்லணும்.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்களுக்கும் சொல்லி வெச்சிருக்காங்க சார்” என்றேன்.

அவர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அந்தச் சொலவடையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

போர்டில் நான்கு கட்டம். சரக்கு சொன்ன நாளில் இறங்கியதா என்பது ஒன்று. கடையிலிருந்து எதுவும் திரும்பி வந்ததா என்பது இரண்டாவது. எடை குறைந்த பாக்கெட் எத்தனை என்பது மூன்றாவது. நான்காவது கட்டத்துக்கு அவர் இங்கிலீஷில் ஏதோ பெயர் வைத்திருந்தார். நாங்கள் அதைப் ‘போட்டதும் வந்ததும்’ என்று ஆக்கிக்கொண்டோம். அரைத்து மேசைக்கு வந்த தூள் எவ்வளவு, பாக்கெட்டுக்குக் கால் கிலோ வீதம் கணக்கில் ஏறியது எவ்வளவு, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்திலும் பொட்டு மாதிரி ஒரு காந்தம் ஒட்ட வேண்டும். நல்லது என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. தினமும் சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது என் வேலை.

கட்டம் கட்டமாக இருந்ததால் பெண்கள் அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“நம்ம ஜாதகத்துல செவ்வா எங்கீங்க்கா நிக்கிது இன்னிக்கு?”

“நாலாங்கட்டத்துல.”

“அப்பக் கல்யாணம் தள்ளிப் போவும்!”

சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் செவ்வாய் அந்த நாலாங்கட்டத்தை விட்டு அசையவே இல்லை. மற்ற மூன்றும் பதினைந்தே நாளில் பச்சைக்கு வந்துவிட்டன. அதிலும் மூன்றாவது கட்டத்தைப் பற்றி எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எடை குறைந்த பாக்கெட் ஒன்றுகூட இல்லை. பாக்கெட்டை ஒட்டியபின் கடைசியாக வைத்துப் பார்க்கும் தராசில் எண் கிடையாது, விளக்குதான். கால் கிலோவுக்குக் குறைந்தால் சிவப்பு எரியும், இல்லாவிட்டால் பச்சை. எங்கள் மேசையில் அந்தச் சிவப்பு விளக்கு ஃபியூஸ் போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நாலாங்கட்டம் மட்டும் அடம் பிடித்தது. நூறு கிலோ தூள் மேசைக்கு வந்தால் தொண்ணூற்றெட்டு கிலோதான் பாக்கெட் கணக்கில் ஏறியது. சிந்துவது சிதறுவதற்கு அரைக் கிலோ விடலாம் என்றார் சார். மீதி ஒன்றரைக் கிலோ எங்கே?

ஆனி மாசக் கடைசியில் முதலாளி மேலே வந்தார். போர்டுக்கு முன்னால் கைகட்டி நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கத்துகிற மனிதர் இல்லை அவர், அதுதான் பயம்.

“ஏம்மா, கீழ சேலத்துல நமக்கு பாக்கெட் போடற மெசின் இருக்குது. பாதி நாள் சும்மா கெடக்குது. தூளை அப்படியே மூட்டையில எறக்கிட்டா அது போட்டுடும். ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இந்தச் செவப்பு மாறலேன்னா, வறுவலும் அரவையும் இங்க இருக்கட்டும். பாக்கெட் கீழ போயிரட்டும்.”

பாக்கெட் கீழே போனால் ஒன்பது பேரும் கீழே போக முடியாது. அவர்கள் இருக்கிற மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் பிடித்து ஒண்டிக்கடை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறி, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு எப்படி முடியும்? எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலை எல்லா மாசமும் கிடையாது. இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி கார் ஏறிய பின், பெரியக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

“தேடு கண்ணு.”

தேடினேன். அரவை மெசினுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் பார்த்தேன். துணி ஃபில்டரை உதறிப் பார்த்தேன். தரையைக் கூட்டி, கூட்டியதை நிறுத்தேன். ஒரு தீப்பெட்டிகூட நிறையவில்லை. வறுக்கிறவர் கடுகடுத்தார்.

“எங்கிட்ட என்னத்துக்குங்க வர்றீங்க? கணக்கு அரைச்சதுக்கப்புறந்தான ஆரம்பிக்குது? எம்பட மெசின்ல காக்கா வந்து கொட்டை பொறுக்குதாக்கும்!”

ஆடி மாசம் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் தலையில் பழியைப் போட்டுச் சாருக்குப் போன் செய்தேன். “பனிதான் சார் தின்னுது.”

அவர் பாவம், சிரிக்காமல் சொல்லப் பார்த்தார். “ஈரம் ஏறினா எடை கூடணும் மேடம். குறையக் கூடாது.”

அடுத்து அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். மற்ற இடங்களில் இப்படி வந்தால் வேலை முடிந்து போகும்போது பையைப் பார்ப்பார்களாம். கட்டாயம் இல்லையாம். நான்தான் முடிவு பண்ண வேண்டுமாம்.

முடிவு பண்ணினேன். இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுண்டுகிறது. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, என் பையைத்தான் முதலில் கவிழ்த்தேன். அப்புறம், “எல்லாரும் பையைக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க” என்றேன். பெரியக்காதான் முன்னால் வந்தார். குடை, டிபன் பாக்ஸ், வெற்றிலைச் சுருள் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலில் வைத்தார். டிபன் பாக்ஸைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாருங்க சூப்பர்வைசரம்மா. களி வாசம் போவ காப்பி வாசம் வருதான்னு.”

மற்ற எட்டுப் பேர் பையும் வந்தது. எதிலும் ஒரு சிட்டிகை இல்லை. பஸ் வந்து அவர்கள் போய்விட்டார்கள். யாரும் ‘வர்றேனுங்க்கா’ என்று சொல்லவில்லை.

மறுநாள் மேசையில் பேச்சே இல்லை. ஜாதகம் இல்லை, செவ்வாய் இல்லை, மருமகள் கதை இல்லை. ஒன்பது தலையும் குனிந்தபடி. கரண்டிச் சத்தமும் ஒட்டுகிற மெசின் சத்தமும்தான். சாயங்காலம் எண்ணினால், அதுவரை போட்டதிலேயே அதிகம் பாக்கெட் அன்றைக்குத்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு சார் கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பினார். அவருக்கு என்ன தெரியும்? போர்டில் பேச்சுக்குக் கட்டம் இல்லையே. அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பார்கள்; படியில் நெல் நிறையும், ஊரில் அது என்ன விலை என்று படிக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் போர்டைப் பார்க்க எனக்கு அந்தப் படி மாதிரிதான் இருந்தது.

ஒரு வாரம் அப்படியே போனது. மேசைக்குப் போகக் கூச்சமாக இருந்ததால், மத்தியானம் ஒண்டிக்கடைக்குப் போய்க் காப்பி குடிக்க ஆரம்பித்தேன். அங்கே காப்பிக்கடை வைத்திருப்பவர் எங்கள் பாக்கெட்டுகளையே வாங்குகிறவர். ஒரு நாள் நான் நிற்கும்போது பாக்கெட்டுகளை வெட்டி வெட்டித் தன் பெரிய டின்னில் கொட்டிக்கொண்டிருந்தார். கடைசி பாக்கெட்டையும் கொட்டியபின் மூடியைப் போட்டு அழுத்தினார். மூடவில்லை. ஒரு கை தூளை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். மூடி உட்கார்ந்தது.

“என்னுங்க, டின்னு சின்னதாப் போச்சா?” என்றேன், சும்மா பேச்சுக்கு.

“டின்னு அதேதானுங்க. உங்க பாக்கெட்டு இருபது கொட்டுனா எப்பவுமே இப்பிடித்தான். ஒரு கை மிஞ்சும். நடுவுல ஒருக்கா வேற கம்பெனித் தூளு வாங்கினேன், அதே இருபது கொட்டுனா மூடி கிச்சுனு உக்காந்துக்கும். அதான் மறுபடி உங்ககிட்டயே வந்துட்டேன்” என்று கிண்ணத்தைக் காட்டினார். “இது எங்க ஊட்டுக்குங்க. ஊட்டுக்காரம்மா காப்பித்தூளே தனியா வாங்கறதில்ல.”

கையில் இருந்த டம்ளர் சுட்டது. நான் கீழே வைக்கவில்லை. இருபது பாக்கெட்டில் ஒரு கை. நூறு கிலோவில்? ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினவன் கதையைச் சின்ன வயசில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். டம்ளரை வைத்துவிட்டு யூனிட்டுக்கு வேகமாக நடந்தேன்.

பெரியக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வெறும் பாக்கெட்டை எண் காட்டும் தராசில் வைத்தார். பெரிய கரண்டியால் கொட்டினார். கடைசியில் சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எண் இருநூற்றைம்பதில் நின்றதும் பாக்கெட்டைத் தூக்கினார். தூக்கி, ஒட்டுகிற மெசினுக்குக் கொடுப்பதற்கு முன்னால், சின்னக் கரண்டி தட்டுக்குப் போய் முனையில் ஒரு துளி அள்ளி வந்து பாக்கெட்டுக்குள் விழுந்தது.

“அதென்ன?” என்றேன்.

“எது?”

“இப்பக் கடைசியாப் போட்டது.”

“நான் ஒண்ணும் போடலியே!”

“அக்கா, கரண்டியப் பாருங்க.”

கரண்டியைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். அடுத்த பாக்கெட்டை எடுத்தார். எண் நின்றது, தூக்கினார், கரண்டி தானாகத் தட்டுக்குப் போயிற்று. பாதி வழியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

“ஐயோ சாமி.”

ஒட்டின பாக்கெட்டை எண் காட்டும் தராசில் வைத்தேன். ஐந்து கிராம் கூட. ஒன்பது பேர் முன்னாலும் ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்தேன். நாலு, அஞ்சு, அஞ்சு, ஆறு. எல்லாமே கூட.

எங்கள் மலையில் தானியம் அளந்தால் தலை தட்டி அளக்க மாட்டார்கள். வள்ளம் என்கிற படியில் ராகியைக் கோபுரமாகக் குமித்து, கொட்டியபின் மேலே ஒரு கை தனியாகப் போட்டால்தான் கொடுத்த மாதிரி. எடுத்துக்கொண்டவரும் அந்தக் கை விழும்வரை முறத்தை நகர்த்த மாட்டார். தலை தட்டிக் கொடுத்தால் வாங்கினவன் வயிறு எரியும் என்பார்கள். அந்தக் கைதான் கரண்டி முனையாகச் சுருங்கி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. எடை குறைகிறதா என்று கேட்கிற விளக்கு வைத்திருந்தோம். கூடுகிறதா என்று யாரும் கேட்கவே இல்லை. மூன்றாவது கட்டத்துப் பச்சைதான் நாலாவது கட்டத்துச் சிவப்பு.

“இதை ஆருங்க்கா நமக்குப் பழக்குனது?” என்று மேசையின் கடைசியில் இருந்த ஒருத்தி கேட்டாள்.

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மேசைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை காட்டியவள் நான். ‘எண்ணு நின்னதும் தூக்கு, மேல ஒரு துளி போடு, ஒட்டு.’ என் கை சொல்லிக் கொடுத்ததை என் தலை மறந்துவிட்டு, ஊர்ப் பைகளை மோந்து பார்த்திருக்கிறது.

“நான்தான்” என்றேன். “பையத் தொறக்கச் சொன்னதுக்கும் நான்தான். ரெண்டுக்கும் சேத்து என்னைப் பேசிக்கங்க.”

பெரியக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். “பேசாமயா விடுவம்? மொதல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்கிக் காத்தால இருந்து பேசறோம்.”

சொன்னபடி பேசினார்கள். ஒரு வாரம் பேசினார்கள். அந்த வாரம் மேசையில் சத்தம் பழையபடி ஏறியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் தெரிந்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அந்தத் துளியை நிறுத்தச் சொன்னதும் மேசையே தடுமாறியது. எண் நின்றதும் கை அந்தரத்தில் நிற்கும். ஒருத்தி போட்டுவிட்டு மறுபடி எடுப்பாள். ஒருத்தி கரண்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “கை கூசுதுங்க்கா. சாப்பாடு போட்டுட்டு ரசம் ஊத்தாம எந்திரின்னு சொல்ற மாதிரி இருக்குது.” பாக்கெட் எண்ணிக்கை சரிந்து, சரக்குப் பெட்டி ஒரு நாள் தாமதமாக இறங்கி, முதல் கட்டம் மஞ்சளுக்குப் போனது. நாலாவது கட்டம் சிவப்பிலேயே இருந்தது. ஆவணி முடிய நாலே நாள்.

வழி கண்டுபிடித்தது பெரியக்கா. ஒரு நாள் காலையில் வெறும் பாக்கெட்டை எடுத்தார். தராசில் வைத்தார். முதல் காரியமாகச் சின்னக் கரண்டியால் ஒரு துளி போட்டார். அப்புறம்தான் பெரிய கரண்டி. எண் நின்றது, தூக்கினார், ஒட்டினார், அடுத்ததை எடுத்தார். கை அந்தரத்தில் நிற்கவே இல்லை.

“கொசுறு விழோணும், அவ்வளவுதான? கடைசீலதான் விழோணும்னு ஏதாவது சட்டமிருக்குதா?”

புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் நாலாங்கட்டம் மஞ்சளாகியது. அடுத்த வாரம் பச்சை. பச்சைக் காந்தத்தை ஒட்டப் போன என்னை நிறுத்தி, நல்ல நேரம் பார்க்கக் கழற்றிப் போட்ட காலண்டரைத் தேடியெடுத்து வந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முதலாளி வந்தார். சுண்டல், பொரி, தேங்காய் எல்லாம் ஆனபின் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். “எங்கம்மா போய்ட்டிருந்துச்சு?”

சொன்னேன். என் கையில்தான் ஆரம்பித்தது என்பதையும் சொன்னேன். டின் மூடாத கதையையும் விடவில்லை. அவர் பெரியக்காவைப் போட்டுக் காட்டச் சொன்னார். கரண்டி முனையில் முதலில் விழுந்த துளியைப் பார்த்துவிட்டு, எண் நின்ற தராசைப் பார்த்துவிட்டு, ஏதோ மனக்கணக்குப் போட்டார்.

“கீழ இருக்கற மெசினுக்கு இதெல்லாம் தெரியாது” என்றார் கடைசியில்.

“அதுக்கு ஆரு சொல்லிக் குடுப்பாங்க?” என்றார் பெரியக்கா. “எங்க கண்ணு இவளத்தான் கீழ அனுப்போணும். அப்பறம் அதுவும் ரெண்டு கிலோ தூக்கிக் குடுத்துரும்.”

முதலாளி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாக்கெட் இங்கேயே இருக்கட்டும் என்றார். கார் கதவைச் சாத்தும்போது இன்னொன்றும் சொன்னார்: “எடை கூடுதான்னு பாக்க ஒரு கட்டம் சேத்துக்கங்க.” போர்டில் இப்போது ஐந்து கட்டம்.

ஒண்டிக்கடைக்காரர்தான் மனத்தாங்கலில் இருக்கிறார். “ஏனுங்க, மூடி கிச்சுனு உக்காந்துக்குதே, என்னுங்க ஆச்சு?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். ‘டின்னு விரிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க’ என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வழக்கம்போலப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் சார் போன் வந்தது. குரலில் பதற்றம்.

“மேடம், காலையில எல்லாம் பச்சைன்னீங்க? இப்ப எல்லாக் கட்டத்துலயும் செவப்பா இருக்கே!”

திரும்பிப் பார்த்தேன். தராசு, ஒட்டுகிற மெசின், அரவை, கரண்டிகள், எல்லாவற்றுக்கும் வைத்தது போதாதென்று, முதலாளி கார் ஏறியபின் போர்டுக்கும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பச்சைக் காந்தத்தின் நடுவிலும், தாராளமாக, ஒரு பொட்டு.

“குங்குமமுங்க சார்” என்றேன். “ஜாதகத்துக்கும் பூஜை போட்டுட்டாங்க.”